பின்னால், வலது பக்கம்

மாமா,

நேற்று சனிக்கிழமை, காரின் பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் கியர் பெட்டிக்கு, அந்த டிஃபரன்ஷியலுக்கு, எண்ணெய் மாற்றினேன். அந்த கியர் ஆயில் நாற்றம் உங்களுக்கு மறந்திருக்காது. முதல் தடவை அது கராஜ் முழுக்கப் பரவியபோது மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி, "ஒண்ணும் மோசமில்லை மாப்பிள்ளை, ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள். அடுத்த வருடம் அதே எண்ணெய், அதே நாற்காலி. "கெட்டுப்போன பெருங்காயத்தைக் கொதிக்கவெச்ச மாதிரி நாறுது, மொதல்ல கதவைத் திறங்க" என்றீர்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஏதோ ஒரு நாளில்தான் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். ஏர்போர்ட்டிலிருந்து உங்களைக் கூட்டிவந்த நாளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

எண்ணெய் வடிந்துகொண்டிருந்த நேரத்தில், பழக்கதோஷம், வலது பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். சமையலறைக் கதவைத் திறந்த நித்யா வழக்கம்போல மூக்கைப் பொத்திக்கொண்டு உடனே மூடிவிடவில்லை. அங்கேயே நின்று நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்று சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து உங்களோடு பேச வேண்டும்போல இருக்கிறது. பேசுவது என்ன, சண்டையே போட வேண்டும்.

அத்தை தவறிப்போன சில மாதங்களில் நீங்கள் வந்தீர்கள். திருச்சி வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் மகளோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று ஃபிரிஸ்கோவில் வந்து இறங்கினீர்கள். உங்களை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும், கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ண வேண்டும் என்று நித்யாவுக்கு ஒரே பிடிவாதம். கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம்மா" என்பீர்கள். கல்லூரியில் தாவரவியல் நடத்தி, கடைசி பெஞ்சுக்காரர்களை ஒரே அதட்டலில் உட்கார வைத்தவர் நீங்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் உங்களுக்குக் குரலே எழும்பவில்லை. ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களே தவிர, குறைக்கச் சொல்ல மாட்டீர்கள். நான் பெங்களூரில் வளர்ந்தவன், சாம்பாரில் வெல்லம் போடுகிறவன். "வித்தியாசமா நல்லா இருக்கு" என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்வீர்கள். காலையில் எழுந்ததும் போர்வையை நான்காக மடித்து அதன்மேல் தலையணையை வைத்து, முந்தின நாள் அங்கே யாருமே படுக்காத மாதிரி அறையை ஆக்கிவிடுவீர்கள்.

என்ன கேட்டாலும் ஒரே பதில். "எனக்கென்ன மாப்பிள்ளை, சௌகரியமா இருக்கேன்." அந்தச் சௌகரியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் குறை சொல்லக் கூடாது என்பது உங்கள் காலத்துச் சட்டம், எனக்கும் தெரியும். ஆனால் குறையே சொல்லாதவர் விருந்தாளி. விருந்தாளி ஒருநாள் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். நீங்கள் போய் அந்தப் பூட்டிய வீட்டைத் திறந்து தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்து நித்யா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். உங்களுக்குக் கேட்கக் கூடாதாம்.

அப்போது கராஜில் என் கார் இருந்தது. அறுபத்தொன்பதாம் வருடத்து வண்டி. இங்கே மஸில் கார் என்பார்கள். முன்னால் முரட்டு எஞ்சின், பின்னால் லாரிக்கு இருப்பதுபோல் பட்டை ஸ்பிரிங். நேராகப் போகச் சொன்னால் பறக்கும், வேறு எதையும் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமை தாங்காமல் உங்களை அதில் ஏற்றி ஹனுமார் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். இங்கத்து கான்கிரீட் ரோட்டில் பலகைக்குப் பலகை இணைப்பு. ஒவ்வோர் இணைப்பிலும் வண்டி உங்களைத் தூக்கிப் போட்டது. கதவுப் பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு, "பிரமாதம் மாப்பிள்ளை" என்றீர்கள். திரும்பி வந்த பிறகு இரண்டு நாள் உங்களால் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. வயசாகிவிட்டது என்று நித்யாவிடம் சமாளித்தீர்கள். நீங்கள் கட்டிலை விட்டுத் தரையில் படுத்திருப்பதை அவள்தான் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்.

அன்றைக்கு முடிவு செய்தேன், பின்பக்கத்தையே மாற்றிவிடுவது என்று. அந்த வண்டியில் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே இரும்புக் குழாயில் கோர்த்திருக்கும். ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றதையும் இழுத்துக்கொண்டு குதிக்கும். அதைக் கழற்றிவிட்டு, சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷனைப் பொருத்த வேண்டும். விபத்தில் நொறுங்கிய ஒரு புது வண்டியின் பின்பகுதி, சட்டத்தோடு மொத்தமாக, பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டில் கிடைத்தது. அடுத்த தெரு கார்ல் வெல்டிங் மெஷினோடு வந்தான். இந்த மாதிரி வண்டியில் போய் யாராவது இதைச் செய்வார்களா என்று சிரித்தான். வளைவில் பிடிமானத்துக்காக என்றேன். உங்களிடமும் அதையேதான் சொன்னேன். "நல்ல யோசனை மாப்பிள்ளை" என்று தலையாட்டினீர்கள். உங்கள் இடுப்புக்காக என்று சொல்லியிருந்தால் அந்த வாரமே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். ஆக, பொய் சொன்னதில் நானும் உங்களுக்குக் குறைந்தவனில்லை.

பழைய ஆக்ஸிலை இறக்க வேண்டிய சனிக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் ஒன்பது மணிக்கே ஜாக்கியும் கையுமாக நிற்கிறேன். நீங்கள் காபி குடித்துவிட்டு ஆரம்பிக்கலாமே என்றீர்கள். குடித்தோம். கார்லுக்கும் ஒன்று கொடுக்கலாமே என்றீர்கள். கொடுத்தோம். பிறகு திடீரென்று கார்லின் வீட்டு முன்னால் நிற்கும் ஓக் மரத்தைப் பற்றி அவனிடம் விசாரிக்க ஆரம்பித்தீர்கள். அதன் இலை, பட்டை, வேர் எதையும் விடவில்லை. ஒருவழியாகப் பத்தரை தாண்டியதும் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம் என்பதை மத்தியானம் சாப்பிடும்போது நித்யா காதோடு சொன்னாள். தாவரவியல் பேராசிரியருக்கு ராகு காலம். கார்ல் மட்டும் தன் மரத்தைப் பற்றி யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நித்யா வழியாகச் சேதி வருவது ஒரு தபால் ஏற்பாடாகவே ஆகிவிட்டது. புதுச் சட்டத்தை வண்டியின் உடம்போடு சேர்த்து நாலு இடத்தில் சும்மா பொட்டு வைத்த மாதிரி வெல்டிங் வைத்திருந்தோம். அடுத்த நாள் முழுசாக வைப்பதாகத் திட்டம். நித்யா டீ கொண்டுவந்தாள். சக்கரத்தைப் பார்த்துவிட்டு, வலது பக்கம் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருக்கிற மாதிரி இல்லையா என்றாள். டயர் பஞ்சரானால்கூட என்னைக் கூப்பிடுகிறவள். அளந்து பார்த்தேன். அரை இஞ்ச் தள்ளியிருந்தது. முழுசாக வைத்திருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"அப்பா சொன்னார். நான் சொன்னேன்னு சொல்லிடாதேன்னும் சொன்னார்."

நான் பொட்டுகளை உடைத்துச் சட்டத்தை நகர்த்தினேன். நீங்கள் உலகத்தில் வேறு வேலையே இல்லாத மாதிரி தெருவில் போகும் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது. அதற்கப்புறம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதை நானும் அவளிடமே கொடுத்தனுப்ப ஆரம்பித்தேன். ஒரே கூரையின் கீழ், இரண்டு ஆண்பிள்ளைகள், நடுவில் அவள் டீ தம்ளரோடு நடந்துகொண்டிருந்தாள். ஒருநாள் இருவரையும் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்துச் சாதத்தைப் பரிமாறிவிட்டு, கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இனிமே நான் மெசேஜ் பாஸ் பண்ண மாட்டேன். என்ன வேணுமோ டைரக்ட்டா பேசிக்குங்க. எனக்கு ஆபீஸ் இருக்கு."

பரிதாபமாக இருந்தது, நாம் இரண்டு பேரும் அன்று சாப்பிட்ட அழகு. ரசம் வேண்டுமா என்று கேட்கக்கூட ஆள் இல்லை.

வண்டி தயாரானபோது உங்கள் திரும்பும் டிக்கெட்டுக்கு மூன்று வாரமோ என்னவோதான் இருந்தது. அதே கோயில், அதே ரோடு. நித்யா வேண்டுமென்றே வரவில்லை. முதல் இணைப்பைத் தாண்டினோம். இரண்டாவதைத் தாண்டினோம். உங்களைக் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் "பிரமாதம் மாப்பிள்ளை" என்றீர்கள். அதே சொல், அதே குரல். எனக்கு ஸ்டீயரிங்கைத் தூக்கி வெளியே எறிந்துவிடலாம்போல இருந்தது.

"மாமா, உங்க இடுப்புக்காகத்தான் இதை மாத்தினேன். வளைவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க."

சிக்னல் சிவப்பு. பச்சை வந்து, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்து, நான் வண்டியை எடுத்தேன். கோயில் கோபுரம் தெரிய ஆரம்பித்த பிறகுதான் தொண்டையைச் செருமிக்கொண்டீர்கள்.

"அப்படின்னா சொல்றேன். முன்னைக்கு இப்போ எவ்வளவோ தேவலை. ஆனா பின்னாடி வலது பக்கம் இன்னும் கொஞ்சம் கட்டையா இருக்கு, இடுப்புல இடிக்குது." ஒரு மூச்சு விட்டீர்கள். "அப்புறம், சாம்பார்ல வெல்லம் போடாதீங்க மாப்பிள்ளை. மனுஷன் சாப்பிட முடியலை."

அவ்வளவுதான், அணை உடைந்தது. ஏசி ஆளைக் கொல்கிறது, தலையணை கழுத்தை ஒடிக்கிறது, நான் போடும் டீயில் சர்க்கரை அதிகம், குளியலறைக் கதவு சரியாகச் சாத்துவதில்லை, நான் பிரேக்கைக் கடைசி நிமிடத்தில் மிதிக்கிறேன். கோயில் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திய பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் நிறுத்தவில்லை. ஹனுமாரிடம் நான் அன்று எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை உங்கள் அறையை எட்டிப் பார்த்த நித்யா ஓடிவந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். போர்வை பாதி கட்டிலிலும் பாதி தரையிலுமாகக் கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு நீங்கள் வாக்கிங் போயிருந்தீர்கள். அந்த வார இறுதியில், நான் வலது பக்க ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, "அந்த டிக்கெட்டை என்ன பண்ணலாம் மாப்பிள்ளை?" என்று என்னிடமே கேட்டீர்கள். தபால்காரியிடம் இல்லை.

ஸ்பிரிங் மாற்றியாயிற்று. "இப்போ பரவாயில்லை, ஆனா அந்த வலது பக்கம்..." என்றீர்கள். ஷாக் அப்சார்பரை மாற்றினேன். அப்போதும் வலது பக்கம். இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாவற்றையும் மாற்றினேன். கார்ல் உங்களை உட்காரவைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, கிழவரின் இடுப்பைத்தான் மாற்ற வேண்டும் என்றான். நீங்கள் அவனிடம் "வெரி குட், வெரி குட்" என்றுவிட்டு, அவன் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பி, "அவனுக்கென்ன தெரியும், இடிக்கத்தான் செய்யுது" என்றீர்கள். இரண்டு வருடத்துச் சனிக்கிழமைகள், மாமா. நான் அடியில் படுத்திருப்பேன். நீங்கள் மடக்கு நாற்காலியில் அத்தையைப் பற்றி, மாணவர்களைப் பற்றி, திருச்சி வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். என் கண்ணுக்கு உங்கள் செருப்பு மட்டும் தெரியும். அத்தையின் கடைசி நாட்களை நீங்கள் சொன்னதும் அந்தச் செருப்பிடமிருந்துதான் கேட்டேன். பத்தரைக்கு முன்னால் ஒருநாளும் ஆரம்பித்ததில்லை.

போன மார்கழியில் ஒரு காலை நீங்கள் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு அமைதியாகப் போனதற்காக எல்லோரும் உங்களைக் கொடுத்துவைத்தவர் என்றார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. வலது பக்கம் பாக்கி இருந்தது. முடிக்காமல் விட்டுவிட்டேனே என்று அது எனக்கு இத்தனை மாதமாக உறுத்திக்கொண்டிருந்தது. அதனால்தான் நேற்றும் அந்தச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன்.

கதவருகே நின்ற நித்யா சொன்னது இதுதான்.

"அங்க ஒண்ணும் இல்லைங்க. நீங்க மொதல் தடவை ஸ்பிரிங் மாத்தினப்பவே சரியாயிடுச்சாம். சரியாயிடுச்சுன்னு சொன்னா மாப்பிள்ளை கராஜைச் சாத்திட்டு உள்ள போயிடுவார், அப்புறம் சனிக்கிழமை நான் என்ன பண்றதுன்னு கேட்டார். நான் சொன்னேன்னு சொல்லிடாதேன்னார்."

கோபம்தான் முதலில் வந்தது. மாற்றிய ஷாக் என்ன, புஷ் என்ன, கார்லிடம் வாங்கிய கிண்டல் என்ன. உங்களைத் திட்டிக்கொண்டேதான் எண்ணெய் மூடியை முடுக்கினேன். பாதியில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் மடக்கு நாற்காலி சுவரோரமாகச் சாய்ந்திருந்தது. அதை விரித்துப் போட்டு, அந்த நாற்றத்தின் நடுவில் உட்கார்ந்து அழுதேன். நித்யா பக்கத்தில் வந்து நின்றாள். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

எண்ணெய் மாற்றினால் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். நீங்கள் உட்காரும் இடத்தில் நித்யா உட்கார்ந்தாள். கோயில் ரோடு, அதே இணைப்புகள். வண்டி தண்ணீரில் போகிற மாதிரி போயிற்று. நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு குறையும் இல்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிக்னலைத் தாண்டிய பிறகுதான் சொன்னாள்.

"பின்னாடி வலது பக்கம் கொஞ்சம் கட்டையா இருக்கு."

அடுத்த சனிக்கிழமை பார்த்துவிடலாம் என்றேன், மாமா. பத்தரைக்கு மேல்.