பருப்பு வடிவ வெள்ளிக்கூட்டம்

நிலாவெளி, திருகோணமலை

அன்பின் கமலாதேவி,

நான் நல்ல சுகம். உமது முழங்கால் நோ எப்படி?

எங்கள் ஹோட்டலில் தங்கியிருக்கும் வானாராய்ச்சிப் பெண், காவற்காரனான என்னிடம் ஆலோசனை கேட்டுத்தான் தொலைநோக்கியை நிறுத்தி வைத்தாள். சுருள் கைகளில்லாத, பருப்பு வடிவ வெள்ளிக்கூட்டம் ஒன்றை, அதாவது நட்சத்திரக் கூட்டம் ஒன்றை, காட்டினாள். மங்கலாக இருந்தது. உதவியாகட்டுமென்று வானத்துக்கு டோர்ச் அடித்தேன்.

"ஐயோ அங்கிள், டோர்ச்சை நூருங்கோ!" என்று கத்தினாள். பிறகு சொன்னாள்: "அங்க இனிப் புது வெள்ளி பிறக்கிறது அருமை. பழசுகள்தான் மிச்சம்."

"பிள்ளையள் போன எங்கட வீடு மாதிரி," என்றேன்.

அதன் வெளிச்சம் கோடிக்கணக்கான வருசம் பயணம் செய்ததாம். நானோ கேற்றடியில் நின்றே களைத்துப்போனேன். அலுமாரியில் கிடக்கும் என் கண்ணாடியையும், கால் உளைவுக்குத் தைலத்தையும் எடுத்து வையும்.

வாசலில் ஹோர்ன் அடிக்கிறார்கள். முதலாளி லீவு தராவிட்டாலும் நல்லூர்த் தேருக்கு வந்துவிடுவேன். அவ்வளவு தூரத்து வெளிச்சமே வந்து சேர்ந்திருக்கிறது.

உமது
ஞானசேகரம்