காத்தோவின் ஐம்பது நிமிடம்

லுசேர்ண்
13.11.2023

அன்பின் பரமு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் நேற்று முன்தினம்தானே உன்னைப் பார்த்தேன். ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் ஐம்பது நிமிடம் நின்று பேசுகிறவளுக்கு என்ன குறை?

உன் அழைப்புகளை நான் எடுக்கவில்லை என்று கோபிக்காதே. தொலைபேசியில் நீ கதைக்கத் தொடங்கினால் நான் தோற்றுப்போவேன். முப்பத்தைந்து வருடமாக அப்படித்தான். அதனால் எழுதுகிறேன். இங்கே சுவிஸ் பள்ளியில், லத்தீன் வகுப்பில் வாங்குக்குக் கீழால் தமிழில் துண்டு எழுதிக் கொடுப்போமே, அந்த உரிமையில்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிழையென்றால் திருத்து. நகரசபைத் தேர்தலுக்கான எங்கள் கட்சிப் பட்டியலில் ஓர் இடம் மீதியிருந்தது. அதற்கு நான் பெயர் கொடுத்திருந்தேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் கடைசி அலுவல் அந்த வாக்கெடுப்பு. அதற்கு முதல், சபை உறுப்பினராகிய நீ, பேருந்துத் தரிப்பிடங்கள் பற்றி ஐந்து நிமிடம் அறிக்கை வாசிக்க வேண்டும். ஒரு மணிக்கு மண்டபத்தைச் சிறுவர் இசைக்குழுவுக்கு விட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டு பத்துக்கு நீ எழும்பினாய். பிள்ளைகள் வயலின் பெட்டிகளோடு கதவடியில் வந்து நின்றபோதும் நீ உட்காரவில்லை. வாக்கெடுப்பு நடக்கவில்லை. செயற்குழு முடிவெடுக்கும் என்றார் தலைவர். செயற்குழு நேற்றே வேறொருவரைப் போட்டுவிட்டது.

பதினைந்தாவது நிமிடத்தில் எனக்கு விளங்கியது. அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் விளங்கியிருக்கும். பொழுது சாய்ந்தால் ரோமாபுரியின் செனற் சபை கலைய வேண்டும் என்பது விதி. சீசரின் சட்டம் வாக்குக்கு வராதபடி பேசிப் பேசியே பகலை விழுங்கினான் காத்தோ. பள்ளி நாடகத்தில் அவனாக நடித்தது நீ, அப்பாவின் வேட்டியைச் சுற்றிக்கொண்டு. சீசராக நின்று உன்னைச் சிறைக்கு அனுப்பியது நான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேண்டுமென்றுதான் செய்தாயா?

கொறற்றி

*

லுசேர்ண்
19.11.2023

என் செல்லக் கொறற்றிக்கு,

உன் எழுத்தைக் கண்டதும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதே சாய்ந்த எழுத்து. வீட்டில் இரவீந்திரன் கடித உறையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பக்கத்து வீதியில இருக்கிறவ முத்திரை ஒட்டி அனுப்புறா?" என்றார். எங்கள் பழைய விளையாட்டு என்றேன்.

நீ எல்லாவற்றையும் பெரிதாக யோசிக்கிறாய். பேருந்துத் தரிப்பிடம் சின்ன விஷயமல்ல. மலைப்பக்கத்துக் கிழவர்கள் மழையில் நிற்கிறார்கள். அறிக்கையின் முதல் இரண்டு பக்கமும் நீ எழுதித் தந்ததுதானே! மிச்சம் நாக்கில் வந்தது. பேச்சு வந்தால் எனக்கு நேரம் தெரியாது என்பது உனக்குத் தெரியாதா? காத்தோவும் விதியை மீறவில்லை. நானும் மீறவில்லை.

உனக்கு இடம் கிடைக்காதது எனக்கும் கவலைதான். அடுத்த முறை உனக்காக நானே வாதாடுவேன்.

இன்னொன்று. நத்தார்ப் பண்டிகைக்கு முதல் பிரச்சாரத் தொடக்கம் வருகிறது. வழமைபோல உரை எழுதித் தருவாய்தானே? உன் வசனம் இல்லாவிட்டால் என் வாய் வெறும் வாய். மகன் மிதுன் உன்னைக் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு. கட்டாயம் வா.

உன் பரமு

*

லுசேர்ண்
26.11.2023

பரமேஸ்வரிக்கு,

கேட்டதற்குப் பதில் வரவில்லை. அதுவே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

காத்தோ ஒளித்துச் செய்யவில்லை. ஏன் பேசுகிறான் என்பது அவையில் எல்லாருக்கும் தெரியும். சீசர் அவனைச் சிறைக்கு இழுத்துப்போகச் சொன்னபோது மற்றவர்களும் எழுந்து அவன் பின்னால் போனார்கள். அவன் மறித்தது நாட்டிலேயே பலத்த ஆளை. நீ மறித்தது என்னை.

நான் எதற்குப் பெயர் கொடுத்தேன் என்பது உனக்குத் தெரியும். எங்கள் முதியோர் இல்லத்தில் காலையில் இருபத்துநாலு பேருக்கு இரண்டே தாதிமார். இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய ஆளை ஒருத்தி தூக்குகிறாள். அப்படித் தூக்கித்தான் ஜெயமலருக்கு முதுகு போய் மூன்று மாதம். இதைச் சபையில் எழும்பி ஒருத்தியாவது சொல்ல வேண்டும் என்றுதான். உன்னிடம் சொன்னபோது, "நல்ல விஷயம், பாப்பம்" என்றாய்.

உரை எழுத மாட்டேன். மிதுனிடம் நான் வேலையில் நிற்கிறேன் என்று சொல்.

மரியகொறற்றி

*

லுசேர்ண்
2.2.2024

கொறற்றி,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். பேசுவது சுகம். எழுதினது அப்படியே கிடந்து முகத்தைப் பார்க்கிறது.

ஓம். வேண்டுமென்றுதான் செய்தேன்.

போன முறை நான் வென்றது நாற்பத்தாறு வாக்கில். ஒரே பட்டியலில் இரண்டு தமிழ்ப் பெண்கள் நின்றால், எங்கள் சனம் உனக்குப் போடும், எனக்குப் போடாது என்று பயந்தேன். நீ அவர்களின் தாய்தகப்பனைக் குளிப்பாட்டுகிறவள். நான் மேடையில் கதைக்கிறவள். அன்று காலை தேநீர் குடிக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். எழும்பின பிறகு உன்னை ஒருமுறை பார்த்தேன். நீ குறிப்பேட்டை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகும் முப்பது நிமிடம் பேசினேன். அந்த முப்பது நிமிடத்தைத்தான் என்னால் எந்த நியாயத்தோடும் சேர்த்து வைக்க முடியவில்லை.

போன சனிக்கிழமை சந்தையடியில் துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஜெயமலர் இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு வந்தாள். "கொறற்றியக்கா தேர்தலில நிக்கிறா எண்டு சொன்னவை. பேரைக் காணேல்லை. ஏனக்கா?" என்றாள். எனக்கு வாய் வரவில்லை, கொறற்றி. எனக்கு! "ஏதோ ஒழுங்குமுறை" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து இரவீந்திரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காத்தோ ஆர் என்று முதலில் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்தாள் தனக்காக் கதைக்கேல்லைப் போல. நீ உனக்காக எல்லோ கதைச்சிருக்கிறாய்."

நேற்றுச் செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று. என் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உன் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன். தலைவருக்குக் கோபம். ஆனால் பட்டியல் ஒப்படைக்க இன்னும் நாள் இருக்கிறது, உனக்குச் சம்மதமென்றால் தங்களுக்கும் சம்மதம் என்றார். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து உன்னுடையதாக இருக்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்கிறேன். இதைக் கொடுத்ததற்காக நீ மன்னிக்க வேண்டுமென்றில்லை.

பரமு

*

லுசேர்ண்
6.2.2024

பரமேஸ்வரிக்கு,

கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். உனக்காக அல்ல, காலை வேலைக்காரருக்காக.

என் பிரச்சாரத்துக்கு வராதே. ஒரு வாக்குக்கூட உன் வாயால் வந்ததென்று பிறகு நான் நினைக்கக் கூடாது.

கொறற்றி

*

லுசேர்ண்
21.9.2024

அன்பின் பரமு,

ஏப்ரலில் முடிவு வந்தபோது நீ அனுப்பிய பூங்கொத்து கிடைத்தது. அதற்கு நன்றி எழுதாதது என் பிழை. பதினொரு வாக்கு வித்தியாசத்தில் வென்றேன் என்று பேப்பரில் பார்த்திருப்பாய். இரண்டு பெண்களும் நின்றிருந்தால் இரண்டு பேரும் வந்திருப்போமோ, இரண்டு பேரும் தோற்றிருப்போமோ தெரியாது. சில நாள் பேருந்தில் போகும்போது அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். விடை வருவதில்லை.

வியாழக்கிழமை சபையில் முதல் முறை பேசினேன். முதியோர் இல்லங்களின் காலைவேலை பற்றி. ஐந்து நிமிடம்தான் தருவார்கள். அதற்காக ஒன்பது நாள் எழுதினேன். வசனமெல்லாம் நல்லாய்த்தான் இருந்தது. எழும்பி வாசித்தால், இரண்டாம் வசனத்தின் நடுவிலேயே மூச்சு முட்டிவிட்டது. குரல் கீச்சிட்டது. முன்னால் இருந்தவர் தண்ணீர்க் கிளாசை என் பக்கம் தள்ளினார். எப்படியோ முடித்தேன். பிரேரணை தோற்கவில்லை, வெல்லவுமில்லை. ஆராய்வதற்குக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஜெயமலர் மேலே பார்வையாளர் இருக்கையிலிருந்து கை தட்டி, அங்கே தட்டக் கூடாது என்று பேச்சு வாங்கினாள்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் கண்டேன். இத்தனை வருடமும் நான் எழுதியது உன் மூச்சுக்கு, பரமு. ஒரே இழுவையில் நாலு வரி போய்விட்டு நீ சிரித்தபடி இறங்குவாய். என் கைக்கு அந்த அளவு மட்டும்தான் தெரியும். அந்த நீளத்துக்கு என் மூச்சுக் காணாது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வருகுதில்லை. பொய்யாக எழுத மாட்டேன். ஆனால் உன் முப்பது நிமிடத்தை நீயே எழுதிக் காட்டினாயே, அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை.

அடுத்த மாதம் பிரேரணை திரும்பவும் வருகிறது. புதன்கிழமை பின்னேரம் எனக்கு வேலையில்லை. வா. நான் வாசிக்கிறேன். நீ ஒன்றும் கதைக்காதே. பென்சிலை எடுத்து, எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்று கோடு மட்டும் போட்டுத் தா.

கொறற்றி