கை வைத்தபோது வால்வு சில்லென்றிருந்தது

அன்புள்ள கிராணி அண்ணே,

மேலே குளிர் எப்படி? இங்கே தேயிலைக் காட்டில் பனி இறங்கிவிட்டது. தோட்டத்துக் கணக்கெழுதிய நீங்கள் போன பிறகு உங்கள் வால்வு ஆம்ப்ளிஃபையரை யாரும் போடவில்லை. நான் குளிர்காய இடமில்லாமல் திரிகிறேன்.

நாம் எதற்காக அடித்துக்கொண்டோம் என்று பிரிஞ்சாங் கடைத்தெருவுக்கே தெரியும். கண்ணாடிக் குழாய்கள் சிவந்து, சூடேறிப் பாடுகிற உங்கள் பெட்டியில் பாடகரின் மூச்சுகூடப் பக்கத்தில் கேட்கும் என்பீர்கள். கூடவே ஓர் இரைச்சலும் கேட்கும் என்பேன் நான். என் புதுக்கால கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையரோ சோப்புப் பெட்டி அளவு. போட்டவுடன் பாடும், தாளம் பிசிறில்லாமல் விழும். "சுத்தமாத்தான் இருக்கு, ஆஸ்பத்திரி மாதிரி" என்பீர்கள். உங்களை வெறுப்பேற்றவே அதில் ஒன்றை உங்கள் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் படுத்துவிட்ட பிறகு ஒருநாள், வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே உள்ளே பாட்டு கேட்டது. நுழைந்ததும் வழக்கம்போல குளிர்காய வால்வுக்கு மேல் கையை நீட்டினேன். சில்லென்றிருந்தது.

"என்னண்ணே, பாட்டு கேட்டுச்சே?"

"பக்கத்து வூட்டு ரேடியோ லா. ஒக்காரு, அண்ணி இப்பதான் போட்டா, சூடாவட்டும்."

சூடாகும்வரை மேனேஜர் வீட்டு வம்பு பேசினோம். வம்பு கிடைத்தால் எனக்கு மூளை வேலை செய்யாது என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

போன வாரம் அண்ணி உங்கள் கம்பளியை மடிக்க எடுத்தார். உள்ளிருந்து என் சோப்புப் பெட்டி விழுந்தது.

"கடைசியில இதுலதான் கேட்டாரு, தம்பி. படுத்துக்கிட்டே போடலாம்ல? நல்லாத்தான் பாடுதுன்னாரு. ஒங்க மோட்டார் சத்தம் வளைவுல கேட்டா போதும், 'இத ஒளிச்சு வை, அத போடு'ம்பாரு."

"ஏன் அண்ணி? சொல்லியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேனே!"

"அதான் தம்பி. 'ஒத்துக்கிட்டா அப்புறம் அவன் எதுக்கு லா வருவான்?'னாரு."

அண்ணே, ஆம்ப்ளிஃபையருக்காகவா நான் அத்தனை வளைவு ஏறி வந்தேன்? ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார் அண்ணி. அதனால்தான் பத்திரிகையில் எழுதுகிறேன்.

நேற்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். உங்கள் பெட்டியில் குரல் கிட்டே வந்தது. என்னுடையது துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருந்தது. எது உசத்தி என்று அண்ணி கேட்டார். மறுத்துப் பேச ஆளில்லையே என்று இரண்டையும் அணைத்துவிட்டேன்.

ஞாயிறு தவறாமல் வருவேன் அண்ணே. இனி வளைவிலேயே ஹார்ன் அடித்துவிட்டு, மெதுவாகத்தான் வருவேன். ஒளித்து வைக்க உங்களுக்கு நேரம் வேண்டாமா?

இன்னும் ஒத்துக்கொள்ளாத
உங்கள் தம்பி