கிளி இல்லாத ராட்சசி

என் பச்சைக்கிளி அண்ணிக்கு,

"நலமா" என்று எழுதிவிட்டு அடித்தேன். போனவளிடம் கேட்கும் கேள்வியா அது? இங்கே நாங்கள் இருக்கிறோம். அம்மா முழங்கால் வலிக்குப் புதுத் தைலம் வாங்கியிருக்கிறாள். அண்ணன் ஓசூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். சிட்லபாக்கம் வீட்டில் இப்போது அம்மாவும் நானும் டி.வி.யும்தான். மூவரில் டி.வி.தான் வாயாடி.

ஈ.சி.ஆர். மைதானத்தில் நடக்கும் நம் எலக்ட்ரானிக் இசைத் திருவிழாவை இந்த வருஷமும் அறிவித்துவிட்டார்கள். போனைத் திறந்தால் அந்த விளம்பரம்தான். "உங்கள் கேங்கோடு வாருங்கள்" என்கிறது. என் கேங் மொத்தமும் நீ ஒருத்திதானே அண்ணி, நான் யாரோடு போவது?

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "நான் வரேன்க்கா, ஆன்லைன்ல ரெடிமேட் இறக்கை கிடைக்குது, ரெண்டு ஆர்டர் போட்டுடவா?" என்று கேட்டாள். நல்ல பெண். தலைவலி என்று சொல்லித் தப்பித்தேன். ரெடிமேட் இறக்கையாம். நீ கேட்டிருந்தால் அவளை உட்காரவைத்து ஊசியில் நூல் கோக்கச் சொல்லியிருப்பாய்.

நீ போன அன்று எல்லாரும் அண்ணனைத் தேற்றினார்கள். உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் நாற்காலி போட்டேன், காபி கொடுத்தேன், வாசலில் குவிந்த செருப்புகளை ஒதுக்கி வழி விட்டேன். ஆபீஸில் லீவு கேட்டபோது, "அண்ணிதானே? கூடப் பிறந்தவங்க இல்லையே?" என்றார் மேனேஜர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சீரியல் பார்க்கிற ஊரில் நாத்தனார் என்றால் அண்ணியின் பாலில் எதையாவது கலக்கிறவள். அவள் உட்கார்ந்து அழுதால் நடிக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

நம் கதை யாருக்குமே தெரியாதே.

முதல் தடவை எனக்கு இரண்டு பாஸ் கிடைத்தது. வருகிறேன் என்ற தோழி கடைசி நேரத்தில் கழன்றுகொண்டாள். நீ கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. "நான் வரட்டா?" என்றாய். அம்மாவிடம் ரிசப்ஷன் என்று சொன்ன பொய்க்குப் பொருத்தமாகப் பட்டுப்புடவையிலேயே வந்துவிட்டாய். அங்கே எல்லாரும் இறக்கையும் கிரீடமும் மினுமினுப்புமாக நிற்கிறார்கள், நீ ஒருத்தி மட்டும் அரக்குப் பட்டில். வெட்கப்படுவாய் என்று பார்த்தேன். நீயோ ஒவ்வொருத்தியின் முதுகுத் தையலையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இன்னா தையலு இது? என் எல்.கே.ஜி. புள்ளைங்க மாறுவேடப் போட்டிக்கு நான் இத விட நல்லா தைச்சிக் குடுப்பேன்" என்று என் காதுக்குள் கத்தினாய்.

அதுவரை உன்னை நான் "நீங்க" என்றுதான் கூப்பிட்டேன். நெஞ்செலும்பு அதிர அடிக்கும் அந்தச் சத்தத்தில் "அண்ணி, நீங்க கொஞ்சம் இங்க வாங்க" என்பது பாதி வழியிலேயே விழுந்துவிடும். "அண்ணி, வா!" என்று கத்தினேன். நீ வந்தாய். அன்றோடு போனது மரியாதை. வீட்டில் அம்மா முன்னால் மட்டும் பழையபடி "நீங்க".

அடுத்த வருஷத்திலிருந்து நாமும் வேஷம் கட்டினோம். உன் வகுப்பில் அட்டை கிழிந்து கிடக்கும் கதைப்புத்தகங்களில் ஒரு கதையை எடுப்போம். ஒரு கதைக்கு இரண்டு பேர். நிலாவை விழுங்கிய மீன் கதையில் நான் நிலா, நீ மீன். மழையைத் திருடிய நரி கதையில் நீ நரி, நான் மேகம். தனியாக நின்றால் என்ன வேஷம் என்றே யாருக்கும் புரியாது, சேர்ந்து நின்றால்தான் கதை. உன் உடையை நான் தைப்பேன், என் உடையை நீ தைப்பாய். போடுகிற நாள் வரை கண்ணில் காட்டக் கூடாது. அதற்காகவே நீ சனிக்கிழமைகளில் செம்பாக்கத்தில் உன் அம்மா வீட்டுக்குப் போய் அங்கிருக்கும் மிஷினில் தைத்தாய். பள்ளி நாடகத்துக்கு என்று உன் அம்மாவிடம் சொல்லிவைத்தாய்.

"பாத்ரூம் போவ முடியாத டிரஸ்ஸு டிரஸ்ஸே இல்ல." இதுதான் உன் முதல் சட்டம். துடுப்புக்குக் குடைக்கம்பி வைத்து நான் தைத்த வருஷம், வாசலில் செக்யூரிட்டி கம்பியை எல்லாம் உருவி எடுத்துக்கொண்டார். துவண்ட துடுப்போடு மீன் ஆடியது. அதிலிருந்து கம்பியே கிடையாது, ஃபோம் ஷீட்தான். வேர்வைக்கு உள்ளே காட்டன் லைனிங். சீரியல் பல்பு எரிய பவர் பேங்க் வேண்டுமே, அதற்கு முதுகுப் பக்கம் ஒரு பை. எனக்கு மட்டும் இடது இடுப்பில் இன்னொரு சின்ன உள் பை, இன்ஹேலருக்கு. நான் கேட்டதில்லை. நீ தைத்த முதல் உடையிலேயே அது இருந்தது.

கடைசியாக நாம் எடுத்தது, ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் தன் உயிரை ஒளித்துவைத்திருக்கும் ராட்சசியின் கதை. "உயரமா குண்டா கீற, நீதான் ராட்சசி. நான் கிளி. உன் உசிரு என் கையில, ஜாக்கிரதை" என்று சிரித்தாய். நான் உன் கிளி உடையைச் சீக்கிரமே முடித்துவிட்டேன். பச்சை நெட் துணியில் அடுக்கடுக்காக இறகு, கழுத்தில் சிவப்பு வளையம். எப்போது காட்டுவோம் என்று எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

கதைப்படி கிளி செத்தால் ராட்சசியும் அந்த இடத்திலேயே விழ வேண்டும். நான் தாம்பரத்தில் ரயில் ஏறி ஆபீஸ் போகிறேன். திரும்பும்போது மாவு பாக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறேன். சனிக்கிழமை துணி துவைக்கிறேன். இது என்ன கதை அண்ணி?

போன வாரம் உன் முதல் வருஷ நினைவு நாள் வந்தது. உன் அம்மா வீட்டில் பூவாடைக்காரி படையல் வைத்தார்கள். சுமங்கலியாகப் போன பெண்ணைத் தெய்வமாக நினைத்து, பூவும் புதுத்துணியும் வைத்துக் கும்பிடுவது உங்கள் வழக்கம். எங்கள் வீட்டில் அது கிடையாது. படைத்த துணியைப் பிறகு வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்த வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அம்மாவால் முழங்கால் வலியோடு வர முடியவில்லை. அண்ணனை அவர்கள் கூப்பிடவே இல்லை. ஒரு வருஷமாக உன் அம்மா அவனோடு பேசுவதில்லை, அவன் போன் செய்தால் எடுப்பதில்லை. என்ன தப்பு செய்தேன் என்று கேட்டுக் கேட்டு அவனும் ஓய்ந்துவிட்டான். அதனால் நான் மட்டும் போனேன்.

உன் போட்டோ முன்னால் தலைவாழை இலை, சர்க்கரைப் பொங்கல், கொழுக்கட்டை, பந்து பந்தாக மல்லிகை. நடுவில் ஒரு தாம்பாளத்தில் சிவப்பும் கறுப்புமாக மடித்துவைத்த உடை. அதன் மேல் ஒற்றைக் கொம்பு. என் உடை அண்ணி! இன்னொரு கொம்பை நீ முடிக்காமலே போயிருக்கிறாய்.

உன் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "பூவாடக்காரிக்கு பொடவ வெப்பாங்க. எங்கயாவது கொம்பு வெப்பாங்களா?"

"எம் பொண்ணு கடசியா அவ கையால தைச்சது. அப்டித்தான் வெப்பேன். இன்னான்ற இப்ப?" என்றார் உன் அம்மா. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் உன் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அந்த சட்ட இடுப்ப பாத்தியா கண்ணு? அவ இடுப்பு ஒரு சாணு. இதுல ரெண்டு பேரு நொழையலாம். அத பாத்ததுமே எனக்குப் புரிஞ்சிப்போச்சி. முழுகாம இருந்துகீறா. வயிறு பெருசாவும்னு முன்னாடியே பெருசா தைச்சிகினு இருந்துகீறா. என்னாண்ட சொல்லல. உங்க அண்ணன் ஆஸ்பத்திரில கூட வாயத் தொறக்கல பாரு. எம் பொண்ணு தனியா போவல கண்ணு. ஒரு கொழந்தையையும் இட்டுகினு போய்ட்டா."

அது என் இடுப்பு அண்ணி. வேறு எப்போதாவது என்றால் நீயும் நானும் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்திருப்போம். உனக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள்தான் என்னிடம் நாப்கின் கேட்டு வாங்கினாய். அப்படி ஒரு குழந்தை இல்லை. அந்த இல்லாத குழந்தைக்காக உன் அம்மா ஒரு வருஷம் அழுதிருக்கிறார், அண்ணனை வெறுத்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் உன்னைப் பறிகொடுத்தவரிடமிருந்து அந்தக் குழந்தையையும் நான் பிடுங்க வேண்டும். சொல்லாவிட்டால் அண்ணன் ஆயுசுக்கும் அவருக்குப் பாவி. நீ என்ன செய்திருப்பாய்?

கற்பூரம் காட்டி முடித்ததும் துணியை யார் உடுத்துவது என்று பேச்சு வந்தது. உன் பெரியப்பா பெண்கள் இருவரும் கொம்பைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தார்கள். உன் அம்மா தாம்பாளத்தோடு என்னிடம் வந்தார்.

"நீ போட்டுக்க கண்ணு. வேற யாரு கீறாங்க."

வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். போட்டுக்கொண்டு வெளியே வந்தால் எல்லாம் தெரிந்துவிடும். "பெரிதாக இருக்கிறது அத்தை, கழன்று விழுகிறது" என்று ஒரு பொய் சொல்லி மடித்தே கொடுத்துவிடலாம். பொய் நமக்குப் புதிதா என்ன? ஆனால் அண்ணன் ஓசூரில் தனியாக உட்கார்ந்து ஹோட்டல் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவது கண்ணில் வந்தது. போட்டுக்கொண்டேன்.

தோள் தோளில் உட்கார்ந்தது. நீளம் கணுக்காலுக்கு மேல் நின்றது, உனக்கென்றால் தரையைக் கூட்டியிருக்கும். இடுப்பில் ஒரு சுருக்கம் இல்லை. இடது பக்கம் கையை விட்டுப் பார்த்தேன். அந்தச் சின்ன உள் பை இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன் அண்ணி. நீ போன அன்று அழ வேண்டிய அழுகை அது.

வெளியே வந்ததும் உன் அம்மா கிட்டே வந்து தோள் தையலைத் தடவினார். இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். நான் என் இன்ஹேலரை எடுத்து அந்தப் பைக்குள் போட்டுக் காட்டினேன்.

"உனக்கா தைச்சா?"

"ஆமா அத்தை. வருஷா வருஷம் எனக்கு அவங்க தைப்பாங்க, அவங்களுக்கு நான் தைப்பேன். ரெண்டு பேரும் வேஷம் போட்டுக்கிட்டு மியூசிக் ஃபெஸ்டிவலுக்குப் போவோம். யார்கிட்டயும் சொன்னதில்ல."

"அப்ப... கொழந்த?"

"இல்ல அத்தை. அப்படி எதுவும் இல்ல. அண்ணன் உங்ககிட்ட எதையும் மறைக்கல."

அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். பெரியப்பா மற்றவர்களைச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனார். நானும் அந்த உடையோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மேல் கோபப்படுவார், எழுந்து போ என்பார் என்று காத்திருந்தேன்.

"இல்லாத புள்ளைக்கு வருஷம் பூரா அழுதுகினு இருந்தேன்" என்றார். "கண்ணு முன்னால கீற உன்ன ஒரு வார்த்த கேக்கல. நீயும்தான அவள வுட்டுட்டு நிக்கற?"

அண்ணி, அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் உன் அம்மா.

பிறகு என் போனில் அண்ணனைக் கூப்பிடச் சொன்னார். "மாப்ள... சாப்ட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான் பேசினார். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, அழுதானோ, உன் அம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

கிளம்பும்போது, "அவளுக்கு நீ தைச்சது உன்னாண்டதான கீது? வர்ற அமாவாசைக்கு எடுத்துகினு வா. அதான் அவ துணி. அதத்தான் படைக்கணும்" என்றார். கொடுக்க எனக்கு மனசில்லை. பீரோவைத் திறந்து அந்தப் பச்சையைத் தொட்டுப் பார்க்காமல் நான் தூங்கப் போவதில்லை. ஆனாலும் அது உன்னுடையது. உன் முன்னால் ஒரு தடவையாவது அதை விரித்துக் காட்ட வேண்டும். கொண்டுபோய் வைக்கிறேன்.

திருவிழாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒன்றுதான். அந்த ஒன்றை அழுத்துவதற்குள் கை கூசியது. எப்போதும் உடை மாற்றும் பெட்ரோல் பங்க் பாத்ரூமில் இந்தத் தடவை முதுகு ஜிப்பை இழுத்துவிட ஆளில்லை. கொம்பு ஒன்றுதான், கிளியும் கிடையாது, பார்க்கிறவர்களுக்கு என்ன வேஷம் என்று புரியாது. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் போகிறேன்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். எவ்வளவு கூட்டம் நெருக்கினாலும் என் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டுத்தான் ஆடுவேன். யாராவது வந்து அதில் நின்றால், ஆள் இருக்கிறது என்று சொல்வேன்.

இன்னும் உயிரோடு இருக்கும்
உன் நாத்தனார்,
வித்யா