கை காட்டினால் நிற்கும்

என் செல்லத்துக்கு,

நம் ப்ரிண்டில் க்ரீக் ஸ்டேஷனின் வரலாற்றைப் பலகையில் வைக்க எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பால் கேன் ஏற்றுவதற்காகத் திறந்த ஸ்டேஷன். இன்றைய வசதிகள் ஒரு பெஞ்சும் ஒரு மழைநீர்த் தொட்டியும்தான். பிளாட்பாரத்தில் யாராவது கை காட்டினால்தான் ரயில் நிற்கும். இறங்குகிறவர் கார்டிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அதற்கு மேல் எழுத முடியவில்லை.

நேற்று உன் பெரியம்மா க்ளெனிஸ் வந்திருந்தாள். "அவ அப்பாவை அடக்கம் பண்ணின அன்னைக்கு உன் மக வந்தாடி. சண்டை போட்டுட்டுப் போனவ, உனக்குப் பயந்துகிட்டு கார்டுகிட்ட சொல்லலையாம். நீயே நிப்பாட்டுவேன்னு ஜன்னலோரம் உக்காந்திருந்தாளாம். நீ கையைக் கட்டிட்டு நின்னியாமே, மகாராணி!"

அது குளிருக்குக் கட்டிய கை, கண்ணே. ஏறுகிறவர்கள்தான் கை காட்ட வேண்டும் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ரயில் நிற்காமல் போனதும், நீ வரவில்லை என்றே எண்ணி வீடு திரும்பினேன்.

இனி சனிக்கிழமைதோறும் பத்தரை மணி ரயிலுக்குக் கை காட்டுவேன். நான் ஏறப்போவதில்லை. கார்டு திட்டினால் திட்டட்டும். நீ யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். ரயில் நிற்கும்.

அன்புடன்,
அம்மா