மாயாண்டி கட்டிய ஃபோர்வீல்

2 மார்ச் 2024, சனி

என் சம்சாரம் மங்களம் இன்றைக்கும் பழைய மீனாகப் பார்த்து வாங்கி வந்திருந்தாள். "இதுக்குக் கருமாதி முடிஞ்சிருச்சா, இனிமேதானா?" என்று கேட்டேன். கரண்டியோடு விரட்டினாள். நல்ல நாள்.

சாயங்காலம் ஹரிஷாந் போன் பண்ணினார். ஈப்போவில் பல் டாக்டர், சிலோன்காரப் பிள்ளை. வாரக்கடைசியில் பிள்ளைகளோடு காட்டுக்குள் போக ஒரு பழைய ஃபோர்வீல் ஜீப் தேடுகிறார். "அண்ணே, நாளைக்கு ஒரு வண்டி பாக்கப் போகணும். நீங்க வந்தே ஆகணும்லா. உங்க கண்ணும் வேணும், வாயும் வேணும்."

மர லாரி ஓட்டிய காலத்தில் வண்டிக்கு மேலே இருந்ததைவிட அடியில் படுத்துக் கிடந்ததுதான் அதிகம். அதனால் பார்த்தால் தெரியும். பார்த்து முடித்ததும் விற்கிறவனைக் கிண்டல் பண்ணுவேன். அவன் முகம் சுருங்கச் சுருங்க விலை இறங்கும். எனக்குக் கூலி வேண்டாம். ஒரு பிரியாணி, ஒரு நாள் சிரிப்பு, போதும். நாலாம் வகுப்பு படித்தவன் பின்னால் டாக்டர் நடந்து வருகிறார் என்றால் சும்மாவா?

3 மார்ச், ஞாயிறு

தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டிப் போனோம். ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட இடம். விற்கிறவர் பெயர் மாயாண்டி. கமுந்திங்கில் வெல்டராக இருந்தவர். போன வருஷம் ஸ்ட்ரோக் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பேச்சு குழறல். அவர் சொல்வதை அவர் சம்சாரம் சரளா எடுத்துச் சொன்னது. வண்டியை அவரே ஒண்டியாகக் கட்டினாராம். அதை முடித்த பிறகுதான் சீக்கு வந்ததாம்.

காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க ஒட்டிப் பார்த்தேன். எங்கேயும் நழுவவில்லை. ஓட்டையைப் பூசி மறைத்த வேலை கிடையாது, எல்லாம் இரும்பு. முன் சக்கரம் ஒன்றை மரக்கட்டைமேல் ஏற்றி, வண்டியைக் கோணலாக நிறுத்தினேன். சேசிஸ் சொத்தை என்றால் அந்த நிலையில் கதவு இறுகிக்கொள்ளும். நாலு கதவும் திறந்தன, டப் டப்பென்று மூடிக்கொண்டன. அடியில் படுத்து டார்ச் அடித்தேன்.

காசை அடுக்கிச் சாய்த்தாற்போல வெல்டிங். வரி வரியாக, எல்லாமே வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இடது கைக்காரர் வேலை. இவ்வளவு சுத்தமான கையை நான் பார்த்ததே இல்லை.

அதைச் சொன்னால் விலை ஏறிவிடாதா?

வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டேன். "அண்ணே, அடியில கோழி அடைச்சிருந்தீங்களா? வெல்டிங் எல்லாம் ஒரே எச்சமா கெடக்கு!"

ஹரிஷாந் சிரித்தார். வேலி ஓரம் நின்ற அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். மாயாண்டியும் பாதி வாயால் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். நாலு பேர் சிரித்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

"எல்லாம் ஒரே பக்கமா சாயுதுண்ணே. இத கட்டறப்பவே கை போக ஆரம்பிச்சிருச்சு போல! ஸ்ட்ரோக்கு மொதல்ல வெல்டிங்குக்குத்தான் வந்திருக்கு, அப்புறம்தான் ஆளுக்கு!"

பலத்த சிரிப்பு. மாயாண்டி சிரிக்கவில்லை. மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தார். யாரோ வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல.

விலை நன்றாக இறங்கியது. அடுத்த சனிக்கிழமை வண்டி எடுக்கப் பேச்சு. ஆட்டுக்கறி பிரியாணி.

4 மார்ச், திங்கள்

மங்களத்திடம் சொல்லிச் சிரித்தேன். "சீக்காளி மனுசன்கிட்டயா?" என்றாள். இவளிடம் போய்ச் சொன்னேனே.

9 மார்ச், சனி

ஹரிஷாந் போனில் கத்துகிறார். வண்டி எடுக்கப் போனாராம். பின்பக்க பம்பர் தரையில் கிடக்கிறதாம், மேல் கூண்டுக் கம்பி துண்டு துண்டாம். "அந்த ஆளே வெட்றாருண்ணே! குடுக்க மாட்டாராம். என்ன மனுசன்லா இவரு?"

ஏன் வெட்டுகிறார்? வேறு யாராவது கூடுதல் விலை பேசிவிட்டார்களோ? அப்படியென்றால் எதற்கு வெட்ட வேண்டும்?

10 மார்ச், ஞாயிறு

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாயாண்டி வீட்டுக்குத் தனியாகப் போனேன். தூரத்திலேயே இரும்பு வெட்டும் கிரைண்டர் சத்தம்.

கீழே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். வலது கையில் கிரைண்டர். பழகாத கை, தாறுமாறாக ஓடியது. சரளா இரும்பைக் காலால் மிதித்துப் பிடித்திருந்தது.

"அன்னியிலேருந்து தூக்கமில்ல," என்றது. "எப்ப கை போச்சு, எப்ப கை போச்சுன்னு ஒரே கேள்வி. புள்ளைங்கள ஏத்திக்கிட்டு மலையில போவாங்களாமே, வெல்டிங் விட்டுப்போச்சுன்னா யாரு பொறுப்புன்னு கேக்குறாரு. வெளிய பாத்தா தெரியாதாம். வெட்டித்தான் பாக்கணுமாம்."

வெட்டிய துண்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு பொட்டு ஓட்டை இல்லை. இரண்டு இரும்பும் ஒன்றாகவே பிறந்ததுபோல. இன்னொன்று. அதுவும் அப்படியே.

பக்கத்தில் குந்தினேன். "அண்ணே, சத்தியமா சொல்றேன். அன்னிக்கே பாத்தேன், தங்கமான வேல. நீங்க எடது கைன்னுதான் அப்படி சாயுது. எனக்குத் தெரியும். வெலய கொறைக்கத்தான் வாய்க்கு வந்தத சொன்னேன்."

அவர் ஏதோ குழறினார். சரளா எடுத்துச் சொல்லத் தயங்கியது. அவர் அதன் முழங்காலைத் தட்டினார்.

"அன்னிக்கு நீங்க யாரோ. மனசுல பட்டத சொன்னீங்களாம். இன்னிக்கு இவர பாத்து எரக்கப்பட்டுப் பேசுறீங்களாம்."

அட கடவுளே. பொய்யை நம்புகிறார், நிஜத்தை நம்பமாட்டேன் என்கிறார். நான் என்ன பண்ணுவேன்? "அப்ப இந்தத் துண்டெல்லாம்? நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

அதற்கும் பதில் வந்தது, சரளா வாயால். "இது நல்லாருக்கு. மத்தது?"

11 மார்ச், திங்கள்

நேற்று எங்கே போனேன் என்று மங்களம் கேட்டாள். மோட்டார் சைக்கிளைக் கழுவப் போய்விட்டேன்.

16 மார்ச், சனி

ஹரிஷாந்தோடு வேறு வண்டி பார்க்கப் போனேன், பாகான் செராய் பக்கம். புதுப் பெயிண்ட், பெரிய டயர், பளபளப்பு. காந்தம் நாலு இடத்தில் நழுவியது. சேசிஸில் விரிசல், மேலே தார் பூசி மூடியிருக்கிறான். கட்டைமேல் ஏற்றினால் பின்கதவு திறக்கவில்லை. எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். கிண்டல் இல்லாமல், ஒவ்வொன்றாக. விற்கிறவன் விலையைக் குறைத்தான். ஹரிஷாந் என் தோளைத் தட்டினார். "பயங்கரம்ணே நீங்க! முகத்த அப்படி வச்சிக்கிட்டு சொன்னீங்க பாருங்க, நானே நம்பிட்டேன்!"

"டாக்டர், நெசமாத்தான் சொல்றேன். வாங்காதீங்க."

இன்னும் சிரித்தார். முன்பணம் கொடுத்துவிட்டார்.

பிரியாணி வேண்டாம் என்று பஸ்ஸில் வந்துவிட்டேன்.

20 மார்ச், புதன்

ஹரிஷாந்துக்கு இரண்டு தடவை போன் பண்ணினேன். "போதும்ணே, வண்டி வீட்டுக்கே வந்திருச்சு," என்று சிரிக்கிறார். பின்னால் பிள்ளைகள் ஹாரன் அடித்து விளையாடும் சத்தம்.

24 மார்ச், ஞாயிறு

மாயாண்டி வீட்டுக்குப் போனேன். சரளா காலில் நெருப்புப்பொறி பட்டுத் தோல் உரிந்திருந்தது. "இனிமே என்னால புடிக்க முடியாது. நீங்களே சொல்லி நிறுத்துங்க," என்றது.

சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. துண்டைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் வெட்டப் பார்த்தார். கிரைண்டர் துள்ளித் தொடைப்பக்கம் வந்தது.

உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

வெட்டினார். உள்ளே ஓட்டையே இல்லாமல் முழு வெள்ளை இரும்பு. என் முகத்துக்கு நேரே நீட்டினார். "நல்லாருக்குண்ணே," என்றேன். தலையாட்டிவிட்டு வரிசையில் வைத்தார். அடுத்ததைக் காட்டினார், பிடித்தேன். இருட்டும்வரை அதுதான்.

கிளம்பும்போது சரளா வாசல்வரை வந்தது. அடுத்த ஞாயிறும் வரச் சொன்னாராம். முன் அச்சுப் பக்கம் இன்னும் வெட்ட வேண்டியிருக்கிறதாம்.