முகம் வரையாத படங்கள்

அன்புள்ள தோழி,

தபாலில் போட்டால் உன் வீட்டில் யார் பிரிப்பார்களோ என்ற பயத்தில் இதை உன் ஊர்ப் பக்கம் வரும் ராமலட்சுமி அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

ஓவியக் கல்லூரியில் கடைசி ஆண்டு மாணவர்கள் தங்கள் சொந்தப் படங்களைப் பற்றியே ஓர் ஆய்வு எழுத வேண்டும். என் படங்களில் எல்லாப் பெண்களும் முதுகைக் காட்டியே நிற்கிறார்களாம். ஏன் என்று கண்டுபிடித்து எழுதச் சொன்னார் ஆசிரியை. கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, எனக்குத் தெரியும்.

நீ நர்சிங் படிக்கத் தொடங்கிய வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். என் நோட்டு திறந்து கிடந்தது. ஏலப்பாறை பஸ் நிறுத்தத்தில் நீ சிரித்துக்கொண்டு நிற்கும் படம்.

"ஏ தாயி, அச்சு அசலா எம்மவளேதான்! பக்கத்துல நிக்கது யாரு?"

"அது சாபு அண்ணன், மாமா. ஜீப் ஓட்டுறாகல்ல."

படத்தைப் பாராட்டிவிட்டார் என்ற மகிழ்ச்சியில் சொல்லிவிட்டேன். அவர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். அடுத்த மாதம் உன் படிப்பு நின்றது, கம்பத்தில் கல்யாணமும் முடிந்தது.

ஆய்வை எழுதிவிட்டேன். உன் பெயர் அதில் இல்லை. ஆனாலும் அது உன் கதை. பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். நீ வேண்டாம் என்றால், எனக்கு முகம் வரைய வராது என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். நம்பிவிடுவார்கள்.

எப்படியானாலும் உன் தம்பியிடம் பேசு. அவன்தான் அப்பாவிடம் சொல்லிவிட்டான் என்று நான்கு வருடமாகச் சந்தேகப்படுகிறாய்; அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அந்தப் படத்தை வரைந்தவள்